துண்டு, தகர வில்லை, சாப்பா: கூலி ஆள்சேர்ப்பில் தரகரின் கைப்பொருள்கள்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மட்டாஞ்சேரித் துறையில் நாட்கூலிக்கு ஆளெடுக்கும் முறை ‘சாப்பா’ எனப்பட்ட சிறு உலோக வில்லையைச் சார்ந்திருந்தது. கப்பலில் சரக்கேற்றவும் இறக்கவும் பொறுப்பேற்ற ஒப்பந்த நிறுவனங்களுக்கு ஆள் தருவோர் மூப்பன்மார். மட்டாஞ்சேரி, கொச்சிக்கோட்டை, தெற்கே பள்ளுருத்தி வரை பரவியிருந்த குடியிருப்புகளிலிருந்து விடியுமுன்பே தொழிலாளர் வந்து கூடுவர். அன்றைக்கு எத்தனை ஆள் வேண்டுமோ அத்தனை சாப்பாவை மூப்பன் கையில் வைத்திருப்பார். வேண்டியவர்க்கு முதலில் கொடுத்து, எஞ்சியதைக் கூட்டத்தின் நடுவே வீசியெறிவதும் உண்டு. அவ்வாறு எறிந்ததைப் பொறுக்குவதற்காகத் தொழிலாளர் ஒருவரை ஒருவர் தள்ளி மிதித்துப் போராடினர். சாப்பா கிடைத்தவனுக்கு அன்று வேலை. கிடைக்காதவன் வீடு திரும்ப வேண்டும்.

மலையாளத்தில் ‘சாப்ப’ என்பது முத்திரையையும் குறிக்கும். ‘சாப்ப குத்துக’ என்றால் சூடிட்டோ அச்சிட்டோ அடையாளமிடுதல் என்று பொருள். கால்நடைக்கும் சரக்குப் பொதிக்கும் இடும் அடையாளத்தின் பெயரே ஆளை வேலைக்கு எடுக்கும் வில்லைக்கும் வழங்கியது தற்செயலன்று என்று கருத இடமுண்டு. கூலி ஆள்சேர்ப்பின் வரலாற்றில் தரகரின் கையில் எப்போதும் இத்தகைய ஏதேனும் ஒரு கைப்பொருள் இருந்துவந்துள்ளது. சீனத்துத் துறைமுகங்களில் அது உடலில் எழுதிய எழுத்து. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழரிடத்தில் அது தகர வில்லையும் துண்டுச் சீட்டும்.

தரகரின் கொடுமைகள் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஏமாற்றுதலையும் ஆள் கடத்தலையும் பற்றியே பேசுகின்றன. பொய் வாக்குறுதி, மது, சூதாட்டக் கடன், இருட்டில் தூக்கிச் செல்லுதல் ஆகியவை உண்மையே. ஆயினும், அவற்றை மட்டும் தடுக்க முனைந்த சட்டங்கள் தரகரை அசைக்கவில்லை. வேலை தருபவருக்குத் தொழிலாளியின் பெயர் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. அவ்விடைவெளியை நிரப்பும் கைப்பொருள் எவரிடம் இருந்ததோ அவரிடமே அதிகாரம் இருந்தது. இக்கட்டுரை அக்கைப்பொருள்களின் வழியே தரகரின் ஆற்றலை ஆராய்கிறது.

அமோய்: உடலில் எழுதிய எழுத்து

தென்சீனத்தின் அமோய் துறைமுகத்திலிருந்து (இன்றைய சியாமென்) கூலி ஒப்பந்தத்தின் பேரில் ஆள்களை ஏற்றுமதி செய்யும் தொழில் 1840களின் இடையில் தொடங்கியது. 1847 முதல் கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கும், சற்றுப் பின்னர் பெரு நாட்டிற்கும் கப்பல்கள் சென்றன. ஐரோப்பிய வணிக நிறுவனங்கள் ஊர்ப்புறங்களுக்குச் செல்லவில்லை. அப்பணியை உள்ளூர்த் தரகர்கள் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் செய்தனர். கொண்டுவரப்பட்டவர்கள் கப்பல் நிறையும்வரை கொட்டடிகளில் அடைக்கப்பட்டனர். மக்கள் வழக்கில் இவ்வாணிகத்திற்குப் ‘பன்றிக்குட்டி விற்றல்’ என்றே பெயர்.

பிரித்தானிய அதிகாரி ஜான் பௌரிங் 1852இல் எழுதிய அறிக்கையில் அமோய் கொட்டடியின் ஒரு காட்சி பதிவாகியுள்ளது. ஆடை களையப்பட்ட கூலிகளின் மார்பில், அவர்கள் அனுப்பப்படவிருந்த நாட்டிற்கேற்பக் கலிபோர்னியா, பெரு, சாண்ட்விச் தீவுகள் ஆகியவற்றின் முதலெழுத்து எழுதப்பட்டிருந்தது. அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் கப்பல்காரர். சுமந்தவருக்கு அது எந்த நாட்டைக் குறிக்கிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அதே ஆண்டு நவம்பரில் தரகர் ஒருவர் பிடிபட்டுக் காவலில் வைக்கப்பட்டபோது, அவரை விடுவிக்க ஆங்கிலேய வணிகர் சைம் தாமே நேரில் சென்றார். நகர மக்கள் கிளர்ந்தெழுந்தனர். ஆங்கிலேயப் படையினர் சுட்டதில் பலர் மாண்டனர். தரகருக்கும் வணிகருக்கும் தொடர்பில்லை என்று அதுவரை சொல்லப்பட்டுவந்த வாதம் அந்த ஒரு செயலால் பொய்யாயிற்று. இதன்பின் அமோயில் இத்தொழில் சுருங்கித் தெற்கே நகர்ந்தது. 1859இல் காண்டன் நகரில் அரசு மேற்பார்வையில் உரிமம் பெற்ற ஆள்சேர்ப்பு மனைகள் திறக்கப்பட்டன. 1860இன் பீக்கிங் உடன்படிக்கை சீனர் வெளிநாடு செல்வதைச் சட்டப்படி ஏற்றது. ஓரிடத்தில் கட்டுப்பாடு வந்தால் தரகர் வேறிடத்திற்குச் சென்றார். போர்த்துக்கீசியரின் மக்காவ் அவர்களுக்கு நெடுநாள் புகலிடமாக இருந்து, 1874இல்தான் மூடப்பட்டது.

அதே 1874இல் சீன அரசு சென் லான்பின் தலைமையில் ஒரு குழுவைக் கியூபாவுக்கு அனுப்பியது. அக்குழு 1,176 வாக்குமூலங்களையும், 1,665 பேர் கையொப்பமிட்ட 85 மனுக்களையும் பெற்றது. வந்தவர்களில் பத்துக்கு எட்டு ஒன்பது பேர் தம் விருப்பத்திற்கு மாறாகக் கொண்டுவரப்பட்டவர்கள் என்று குழு முடிவு கூறியது. எட்டாண்டு ஒப்பந்தம், மாதம் நான்கு பெசோ கூலி என்னும் எழுத்து விதிகள் ஒருபுறம் இருக்க, யார் எந்த ஊரில் எவ்வாறு பிடிபட்டார் என்பதை அவரவர் வாய்மொழியாகவே அறிய அவ்வறிக்கை உதவுகிறது. தமிழ்த் தொழிலாளரைப் பற்றிய காலனிய விசாரணை அறிக்கைகள் பெரும்பாலும் தோட்ட உரிமையாளர், அதிகாரி, தலைக்கங்காணி ஆகியோரின் சான்றுகளாலேயே நிறைந்தவை. தமிழாய்வாளர் இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும். அவ்விடத்தை நாட்டார் பாடல்களும் புனைகதைகளும் ஓரளவே நிரப்புகின்றன. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் இவ்வகையில் இலக்கியச் சான்று மட்டுமன்று, ஆவணமும் ஆகும்.

இலங்கை: கழுத்தில் வில்லை, கையில் துண்டு

சீனத் தரகரின் வேலை கப்பலேற்றியவுடன் முடிந்தது. தமிழ்க் கங்காணியின் வேலையோ அப்போதுதான் தொடங்கியது. இவ்வேறுபாடு அடிப்படையானது.

இலங்கையின் மலைப்பகுதியில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது, ஆள் தேடித் தமிழகத்திற்கு வந்தவர் அத்தோட்டங்களிலேயே வேலை செய்த கங்காணி. அவர் தம் ஊருக்கும் உறவுக்கும் திரும்பி வந்து ஆள் சேர்த்தார். பஞ்சமும் பண்ணைக் கடனும் சாதிக் கொடுமையும் அவருக்குத் துணை நின்றன. இந்திய அரசு 1837 முதல் கடல்கடந்த கூலிக் குடியேற்றத்தைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்த முயன்றது. மொரிசியசு, மேற்கிந்தியத் தீவுகள், பின்னர் நேட்டால் ஆகியவற்றுக்குச் செல்வோருக்குப் பதிவும் பாதுகாப்பாளர் என்ற அதிகாரியும் இருந்தனர். ஆனால் 1847ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம் இலங்கைக்குச் செல்வோரை அக்கட்டுப்பாடுகளிலிருந்து விலக்கிவிட்டது. தீவு அண்மையில் உள்ளது, விரும்பினால் திரும்பலாம் என்பது காட்டப்பட்ட காரணம். ஒப்பந்தக் கூலியின் கொடுமை இலங்கையில் இல்லை என்று தோட்ட முதலாளிகள் பெருமை பேசியதற்கும் இதுவே அடிப்படை. எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பது உண்மை. அதனிடத்தில் கங்காணியின் கணக்கு இருந்தது.

புறப்படுமுன் கங்காணி தந்த முன்பணம் ஊர்க்கடனை அடைக்கவும், வழிச்செலவுக்கும், துணிமணிக்கும் போயிற்று. அம்முன்பணம் தோட்ட உரிமையாளரிடமிருந்தோ செட்டியாரிடமிருந்தோ கங்காணி பெற்றது. அது தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறியது. எவ்வளவு தந்தார், எவ்வளவு எழுதினார் என்பது கங்காணிக்கே தெரியும். இராமநாதபுரக் கடற்கரையிலிருந்து மன்னாருக்குக் கடந்து, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்த காலத்தில் வழியில் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் இறந்தோர் பலர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பயணம் ஒழுங்குபடுத்தப்பட்டது. 1904இல் இலங்கைத் தோட்டத்துரைமாரின் தொழிலாளர் ஆணையம் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. பின்னர் மண்டபம் முகாம் பெரும் ஆள்சேர்ப்பு நிலையமாயிற்று. இக்காலத்தில்தான் தகர வில்லை முறை வழக்குக்கு வந்தது. தோட்டத்தின் பதிவெண் பொறித்த சிறு தகர வில்லையைப் பயணிகள் நூலில் கோத்துக் கழுத்தில் அணிந்தனர். அதைக் காட்டினால் உணவு உண்டு, தொடர்வண்டி உண்டு, கப்பல் உண்டு. கையில் காசு வேண்டியதில்லை. செலவு முழுதும் வில்லையில் உள்ள எண்ணின்வழி தோட்டத்தின் கணக்கிற்குச் சென்று, அங்கிருந்து கங்காணியின் பற்றிலும் இறுதியில் தொழிலாளியின் கடனிலும் ஏறும். வழியில் ஆள் காணாமற் போவதையும் மற்றொரு தோட்டத்திற்குத் திருப்பப்படுவதையும் தடுக்க வந்த ஏற்பாடு என்று நிருவாக நோக்கில் இதைப் பாராட்டலாம். நடைப்பயணச் சாவுகள் குறைந்ததும் மறுக்க முடியாதது. ஆனால் வில்லையில் இருந்தது தோட்டத்தின் எண், அணிந்தவரின் பெயரன்று. அமோய் கொட்டடியின் எழுத்துக்கும் இதற்கும் இடையே அரை நூற்றாண்டும் ஒரு நூலிழையும்தான் வேறுபாடு.

தோட்டத்தை அடைந்தபின் வில்லை பயனற்றதாகும். அப்போது துண்டு வேலை செய்யத் தொடங்கும். துண்டு என்பது தோட்டத்துரை கையெழுத்திட்ட ஒரு சீட்டு. இன்ன கங்காணியின் கீழுள்ள ஆள்களின் கடன் இவ்வளவு ரூபாய். அதைச் செலுத்துவோர்க்கு இவ்வாள்கள் அனைவரையும் விடுவிக்கத் தடையில்லை என்பது அதன் பொருள். தலைக்கங்காணி துண்டைப் பெற்று அடுத்த தோட்டத்திற்குக் கொண்டுபோவார். ஆள் பற்றாக்குறையால் தவித்த அத்தோட்டம் பழைய கடனை அடைத்து, மேலும் கொஞ்சம் முன்பணமும் தரும். அக்கூடுதல் தொகையும் தொழிலாளரின் கடனிலேயே சேரும். கூட்டத்தின் கடன் ஒரே தொகையாக எழுதப்பட்டமையால் தனியொருவர் தம் பங்கு எவ்வளவு என்று கேட்கவும் வழியில்லை. ஒவ்வொரு மாற்றத்திலும் கங்காணி ஒரு படி உயர்ந்தார். தொழிலாளி வேலை செய்து கடனை அடைத்துத் தனித்துப் போகும் வாய்ப்பு ஒரு படி தாழ்ந்தது. ஓர் ஊரார், ஓர் உறவினர் என்ற பிணைப்பு இதனைச் சிதைக்கவில்லை. மாறாகத் தாங்கி நின்றது. கங்காணி மாமனாகவோ பெரியப்பனாகவோ இருந்த இடத்தில் கணக்கைக் கேட்பது உறவை முறிப்பதாகும்.

இதனோடு ‘தலைக்காசு’ம் சேர்ந்தது. காலையில் தப்போசை கேட்டு லயத்திலிருந்து பிரட்டுக்களத்திற்கு வந்து நின்ற ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்கங்காணிக்குத் தோட்டம் ஒரு சிறு தொகை தந்தது. ஆகவே நோயுற்றவரையும் பிரட்டுக்கு இழுத்து வருவதில் கங்காணிக்கு ஆதாயம் இருந்தது. வேலையை விட்டு நீங்குவோரைத் தண்டிக்க 1865ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம் இருந்தது. கூலி பாக்கி பற்றிய உரிமையியல் வழக்கும், ஓடிப்போன குற்றத்திற்கான சிறையும் ஒரே உறவின் இருமுனைகளாக வைக்கப்பட்டன. முதல் முனையைத் தொழிலாளி எட்டுவது அரிது.

1917இல் சென்னை அரசுக்காக மார்ஜோரிபேங்க்ஸ், அகமது தம்பி மரைக்காயர் இருவரும் இலங்கை, மலாயா செல்லும் இந்தியத் தொழிலாளர் பற்றி அறிக்கை அளித்தனர். இலங்கையில் கடனே முதன்மையான சிக்கல் என்பது அக்காலத்தில் அதிகாரிகள் அறியாததன்று. தோட்டத்துரைமாரும் துண்டைக் குறை கூறத் தொடங்கியிருந்தனர். அவர்களின் குறை தொழிலாளி நசுங்கினான் என்பதைவிடத் தலைக்கங்காணி தம்மை ஒருவரோடொருவர் மோதவிட்டு முன்பணத்தை ஏற்றிவிட்டார் என்பதே. இந்திய அரசின் அழுத்தமும் இதனோடு சேர, 1921ஆம் ஆண்டின் 43ஆம் சட்டம் துண்டைத் தடைசெய்தது. தொழிலாளரின் ஒப்பந்த மீறலுக்கான சிறைத் தண்டனையையும் நீக்கியது. 1922இன் இந்தியக் குடியேற்றச் சட்டமும், 1923இல் இலங்கையில் இயற்றப்பட்ட இந்தியக் குடியேற்றத் தொழிலாளர் சட்டமும் தொடர்ந்தன. ஆள்சேர்ப்புச் செலவு பொது நிதிக்கு மாறியது. புதிதாக வருவோர் கடனின்றி வரவேண்டும் என்பது விதியாயிற்று. 1935இல் வெளிவந்த புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ இச்சட்டங்களுக்குப் பின் எழுதப்பட்டது என்பதை நினைவிற் கொண்டால், துண்டு போனபின்னும் ஊரிலிருந்து ஆளை இழுத்துச் செல்லும் வழி அடைபடவில்லை என்று தெளியலாம். 1939இல் இந்திய அரசு தொழிற்பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கை செல்வதையே தடைசெய்தது.

மலாயாவின் மாறுபட்ட வழி

கடனே கங்காணியின் வலிமை என்பதற்கு மலாயா எதிர்ச்சான்று தருகிறது. அங்குச் சீனக் கூலிகளும் தமிழ்க் கூலிகளும் ஒரே துறைமுகங்களில் வந்திறங்கினர். சீனர் பலர் பயணச் செலவைக் கடனாகப் பெற்று வந்தமையால், அக்கடனை அடைத்து அவர்களை எடுத்துக்கொள்ள ஒருவர் வரும்வரை கப்பலிலோ தரகரின் மனையிலோ அடைபட்டுக் கிடந்தனர். 1877இல் சிங்கப்பூரில் வில்லியம் பிக்கரிங் தலைமையில் சீனர் பாதுகாப்பகம் அமைக்கப்பட்டு, மனைகள் உரிமத்தின் கீழ் வந்தன. கப்பலிலேயே சென்று வந்தவர்களைத் தனித்தனியே விசாரிக்கும் அதிகாரி ஒருவர் இருந்தார் என்பதே இதன் சிறப்பு. சீன மொழிகள் அறிந்த பிக்கரிங் அவ்வாறு கேட்டார்; மொழி அறியாதவர் கேட்டிருந்தால் தரகரே மொழிபெயர்த்திருப்பார்.

தமிழருக்கு 1907இல் தமிழர் குடியேற்ற நிதி உருவாக்கப்பட்டது. தோட்டங்கள் தம்மிடமுள்ள ஆள்களின் எண்ணிக்கைக்கேற்ப வரி செலுத்தின. அதிலிருந்து நாகப்பட்டினம், சென்னை வழியே வந்தோரின் பயணச் செலவு தரப்பட்டது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி அங்கும் இருந்தார். உரிமம் பெற்று, தலைக்கு இவ்வளவு என்று தரகும் பெற்றார். கொடுமை இல்லாமலும் இல்லை. ஆனால் வந்திறங்கிய தொழிலாளியின் மேல் பயணக் கடன் ஏறவில்லை. ஆகையால் துண்டைப் போன்ற சீட்டு அங்கு வேரூன்ற இயலவில்லை. பதினாறு ஆண்டு தாமதமாக இலங்கை எடுத்த வழியும் இதுவே.

மீண்டும் மட்டாஞ்சேரி

தோட்டத்தில் ஆள் அரிது. அதனால் தரகர் கடனால் கட்டினார். துறைமுகத்தில் ஆள் மிகுதி; அங்கே கட்டவேண்டிய தேவையில்லை. ராபர்ட் பிரிஸ்டோ 1920இல் தொடங்கி வளர்த்த கொச்சித் துறைமுகம் 1936இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அகழ்ந்த மண்ணால் வில்லிங்டன் தீவு எழுந்தது. கப்பல் வரும் நாளில் நூற்றுக்கணக்கானோர் தேவை. வராத நாளில் எவரும் தேவையில்லை. உள்ளூராரும் வெளியூரிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோரும் எப்போதும் வாயிலில் காத்திருந்தால்தான் ஒப்பந்த நிறுவனத்திற்கு வசதி. துண்டு ஒருவரைப் பல ஆண்டுகள் பிடித்துவைத்தது. சாப்பா ஒருவரை ஒரே நாளில் கைவிட்டது. எனினும் துறையில் மூப்பனும் தோட்டத்தில் கங்காணியும் செய்த வேலை ஒன்றே. முதலாளிக்கு முன்னால் நிற்கும் தொழிலாளிக்குப் பெயரில்லாமற் செய்வது அது.

இந்நிலை கொச்சிக்கு மட்டும் உரியதன்று. 1889இன் பெரும் வேலைநிறுத்தத்திற்கு முன் இலண்டன் கப்பல் துறைகளிலும் வாயிலில் காத்து நின்றவர்கள் வேலைச் சீட்டுக்காக முட்டி மோதினர். இந்தியத் தொழிலாளர் பற்றிய அரச ஆணையம் 1931ஆம் ஆண்டு அறிக்கையில் துறைமுகத் தொழிலாளரைப் பதிவு செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. விடுதலைக்குப்பின் 1948இல் கப்பல் துறைத் தொழிலாளர் வேலை ஒழுங்குச் சட்டம் இயற்றப்பட்டது. பம்பாய், கல்கத்தா, சென்னைத் துறைகளுக்கு 1950களின் முற்பகுதியிலேயே அதன்கீழ்த் திட்டங்கள் வந்துவிட்டன. கொச்சிக்கு வரவில்லை.

1953இல் கொச்சித் துறைமுகத் தொழிலாளர் சாப்பா முறைக்கு எதிராக இரண்டு மாதங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தனர். செப்டம்பர் 15ஆம் நாள் மட்டாஞ்சேரியில் காவலர் துப்பாக்கியால் சுட்டனர். அதிலும் அதனையொட்டிய காவலர் நடவடிக்கையிலும் சைது, சைதலவி, ஆன்றணி ஆகிய மூவர் உயிரிழந்தனர். அப்போது திருவிதாங்கூர்–கொச்சி அரசின் முதலமைச்சர் ஏ. ஜே. ஜான். கூலி உயர்வுக்கான வேலைநிறுத்தங்கள் அக்காலத்தில் பல நிகழ்ந்துள்ளன. ஒரு உலோக வில்லை யார் கையிலிருந்து யார் கைக்குப் போகவேண்டும் என்பதற்காக உயிர் போனது மட்டாஞ்சேரியின் தனித்தன்மை. வெளியார்க்கு இது சிறு செய்தியாகத் தோன்றலாம். வில்லையை எறிபவர் விரும்பினால் தொழிற்சங்கத்தில் சேர்ந்தவனை நாள்தோறும் பட்டினி போடலாம் என்பதை அறிந்தவர்க்கு அவ்வாறு தோன்றாது.

கொச்சித் துறைத் தொழிலாளர் திட்டம் 1959இல் வந்தது; கப்பல் துறைத் தொழிலாளர் வாரியமும் அமைந்தது. பதிவேட்டில் தொழிலாளியின் பெயர் ஏறியது. முறைவைத்து வேலை வழங்கப்பட்டது. வேலை இல்லாத நாளிலும் வந்து பதிந்தவர்க்கு வருகைப் படி உண்டாயிற்று. அதன்பின் சாப்பா படிப்படியாக வழக்கொழிந்தது. கே. எம். சிதம்பரன் 1968இல் எழுதிய ‘துறமுகம்’ என்னும் மலையாள நாடகம் அதனை மேடையேற்றியது; அந்நாடகத்தைத் தழுவிய திரைப்படம் 2023இல் வெளிவந்தது. மட்டாஞ்சேரியில் உயிர்நீத்த மூவரின் பெயர்கள் செப்டம்பர் 15 தோறும் நினைவுகூரப்படுகின்றன. மண்டபம் முகாமில் கழுத்தில் தகர வில்லையோடு நின்றவர்களைத் தேடுவோர்க்கு, வில்லையில் பொறித்த தோட்டத்தின் எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.